பதினான்கு மாத்திரைகளின் வரலாறு



சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைக் கடந்தால் அடுத்து வருவது தாம்பரம் சானடோரியம். தென்சென்னைப் புறநகரில் வாழும் நாம் அன்றாடம் உச்சரிக்கும் இவ்விரு பெயர்களும் வரலாற்றின் எச்சங்கள். குரோம்பேட்டை, அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்றது. சானடோரியமோ, மருத்துவ உலகம் ஒரு காலத்தில் உறுதியாக நம்பிப் பின்னர் கைவிட்ட ஒரு சிகிச்சை முறையால் பெயர் பெற்றது. அந்தச் சிகிச்சை ஏன் கைவிடப்பட்டது என்பதை அறிந்துகொண்டால், இன்று நம் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாரடைப்பு நோயாளிக்காக எடுத்து வைக்கப்பட்டிருக்கும் 14 மாத்திரைகளின் பெறுமதியும் நமக்கு விளங்கும்.

2023ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ‘இதயம் காப்போம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு மாரடைப்பு என்று ஐயம் ஏற்பட்டால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிடுவது அத்திட்டம். விலை மிகக் குறைந்த மாத்திரைகள், உள்ளங்கையில் அடங்கிவிடுபவை. ஆனால் அவற்றிற்குப் பின்னால் பல நாடுகளைச் சேர்ந்த பல்லாயிரம் நோயாளிகளின் இசைவும் பொறுமையும் நிற்கின்றன. அவர்களுள் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனைப் பற்றியதே இக்கட்டுரை.

சானடோரியம் கற்பித்த பாடம்

1928ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கென ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937இல் அது அரசின் பொறுப்பில் வந்தது. தூய காற்று, நீண்ட ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றுமே காசநோய்க்குரிய சிகிச்சை என்று உலகெங்கும் கருதப்பட்ட காலம் அது. நோயாளி குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க வேண்டும். சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் குடும்பம் என்னவாகும் என்ற கேள்விக்கு எவரிடமும் விடை இல்லை.

காசநோய்க்கு மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும் இந்நம்பிக்கை மாறவில்லை. மருந்தோடு சானடோரிய வாசமும் தேவை என்றே கருதப்பட்டது. அந்நிலையில் 1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து நடத்திய அம்மையத்திற்கு டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் வழிகாட்டினார். நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர், எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமின்றிக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறுபிரிவினர் நெரிசலான தம் வீடுகளிலும் இருந்தபடி ஒரே மருந்தை உட்கொண்டனர்.

1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. நல்ல உணவும் முழு ஓய்வும் பெற்றவர்களுக்கும், குறைந்த உணவோடு வீட்டிலிருந்தவர்களுக்கும் நோய் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தது. மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்பட்டால் படுக்கை தேவையில்லை என்பது உறுதியாயிற்று. அதன்பின் உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு இல்லத்திற்கு வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சானடோரியத்தை நம்பியவர்கள் அறிவிலிகள் அல்லர். நல்லெண்ணம் கொண்ட சிறந்த மருத்துவர்கள். எனினும் நல்லெண்ணமும் அனுபவமும் மட்டும் உண்மையைக் காட்டிவிடவில்லை. இருவகைச் சிகிச்சையை நேர்மையாக அருகருகே வைத்து ஒப்பிட்டபோதுதான் அது வெளிப்பட்டது.

இவ்வழி நம் அறிவு மரபுக்கு அந்நியமானதன்று. ஏறத்தாழ 925ஆம் ஆண்டில் மறைந்த மருத்துவ மேதை அர்-ராஸீ, மூளைச் சவ்வு நோயின் அறிகுறிகள் கண்ட நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை செய்து, மற்றொரு பிரிவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டு, விளைவை ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தம் ‘அல்-ஹாவீ’ நூலில் குறித்திருக்கிறார். இன்றைய அளவுகோலின்படி அது முழுமையான ஆய்வு அன்று. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சிகிச்சையின் பலனைக் கூற இயலாது என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

இதயத்தின் முறை வந்தது

காசநோய்க்குப் படுக்கை எப்படியோ அப்படியே மாரடைப்புக்கும் படுக்கையே மருந்தாகக் கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், மாரடைப்பிலிருந்து தப்பியவரை ஆறு வாரங்கள் வரை அசையாமல் படுக்கவைப்பது வழக்கம். புண்பட்ட இதயம் ஆற ஓய்வு வேண்டும் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆனால் நெடுநாள் அசையாதிருந்தவர்களின் கால் நரம்புகளில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலை அடைந்து உயிரைப் பறித்ததும் உண்டு. 1950களில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் லெவின், நோயாளியை நாற்காலியில் அமரவைக்கலாம் என்று சொன்னபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. காலப்போக்கில் அவர் கூற்றே நிலைத்தது.

அறிவுக்குப் பொருந்துவதாகத் தோன்றும் சிகிச்சை தீங்காகவும் முடியலாம் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று 1980களின் இறுதியில் கிடைத்தது. மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை காணப்பட்டால் திடீர் மரணம் நேரக்கூடும். ஆகவே அந்த ஒழுங்கின்மையை அடக்கும் மருந்துகள் பலருக்கும் கொடுக்கப்பட்டன. ஈசிஜி தாளில் துடிப்பு சீராயிற்று. மருத்துவரும் நோயாளியும் மகிழ்ந்தனர். ‘காஸ்ட்’ எனப்படும் ஆய்வு அம்மருந்துகளுள் இரண்டை எடுத்துப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டது. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தனர். போலி மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். தாளில் தெரிந்த நன்மை உயிரில் தெரியவில்லை. அந்த ஆய்வு நடவாதிருந்தால் எத்தனை ஆண்டுகள் அம்மருந்துகள் தொடர்ந்து கொடுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது.

மூன்று மாத்திரை, மூன்று ஆய்வு

இனி அந்த 14 மாத்திரைகளுக்கு வருவோம்.

முதலாவது ஆஸ்பிரின். தலைவலிக்காகப் பல தலைமுறைகள் உட்கொண்ட இம்மாத்திரை மாரடைப்பில் உயிர் காக்கும் என்று சிலர் கருதினர். ஆயினும் உறுதியான சான்று இல்லை. இதற்கு விடை தேடியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஒரு குழுவினர். கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் பயின்று, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று 1976இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்ற டாக்டர் சலீம் யூசுப், அங்கே ‘ஐசிஸ்’ ஆய்வுகளைத் தொடங்கிவைத்தவர்களுள் ஒருவர். 1984இல் அவரும் ரோரி காலின்ஸ், ரிச்சர்ட் பீட்டோ ஆகியோரும் ஒரு கட்டுரை எழுதினர். ஒரு மருந்தின் பலன் நடுத்தர அளவினதாக இருந்தால் அதைச் சிறிய ஆய்வுகளால் கண்டறிய முடியாது. ஆயிரக்கணக்கானோர் பங்கேற்கும் பெரிய, ஆனால் எளிய ஆய்வுகள் வேண்டும் என்பது அவர்கள் வாதம். நூற்றுக்கு ஐந்து பேரைக் காப்பாற்றும் மருந்தை ஐம்பது பேரிடம் சோதித்தால் எதுவும் புலப்படாது. அதே மருந்து கோடிக்கணக்கானோரைச் சென்றடையுமானால் அந்த ஐந்து பேர் இலட்சங்களாகப் பெருகுவர்.

இக்கருத்தின்படி நடந்த ‘ஐசிஸ்-2’ ஆய்வின் முடிவு 1988இல் வெளியாயிற்று. 417 மருத்துவமனைகளில் மாரடைப்போடு வந்த 17,187 பேர் அதில் பங்கேற்றனர். சிலருக்கு ஆஸ்பிரின், சிலருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், சிலருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. சிலருக்கு இவற்றின் போலி மட்டுமே. ஐந்து வாரங்களில், இரண்டையும் பெறாதவர்களுள் இதய, இரத்தநாள நோய்களால் இறந்தோர் 13.2 விழுக்காடு. இரண்டையும் பெற்றவர்களுள் அது 8 விழுக்காடு. ஒரு மாதம் தினமும் கொடுக்கப்பட்ட அரை மாத்திரை அளவு ஆஸ்பிரின், அந்த இறப்பைத் தனித்தே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்திருந்தது.

இரண்டாவது குளோபிடோக்ரல். ஆஸ்பிரினோடு இதையும் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்பதைச் சீனாவில் நடந்த ‘கமிட்’ ஆய்வு 45,852 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்து 2005இல் வெளியிட்டது. பலன் சிறிதுதான், ஆனால் ஐயத்திற்கு இடமற்றது. இறப்பு 8.1 விழுக்காட்டிலிருந்து 7.5 ஆகக் குறைந்தது.

மூன்றாவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை. இதய நோயுள்ளவர்களுக்கு ஸ்டாடின் மருந்துகள் ஆயுளை நீட்டிக்கும் என்பதை முதன்முதலில் ஐயமற நிறுவியது, வட ஐரோப்பிய நாடுகளில் 4,444 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வு. அவர்களுள் போலி மாத்திரை பெற்றவர்களில் 256 பேரும் மருந்து பெற்றவர்களில் 182 பேரும் இறந்தனர். அதில் சோதிக்கப்பட்டது நம் 14 மாத்திரைகளிலுள்ள அடோர்வாஸ்டாடின் அன்று. அதே வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டாடின். அதன் பின்வந்த பல ஆய்வுகள் அவ்வழியிலேயே நடந்தன.

இம்மூன்று ஆய்வுகளிலும் பங்கேற்றோரைக் கூட்டினால் 67,483 பேர். அவர்களுள் போலி மாத்திரை பெற்று இறந்தவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பிரிவு நன்மை பெறும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது; தெரிந்திருந்தால் ஆய்வு தேவைப்பட்டிருக்காது. தம் நோயின் நடுவிலும் அவர்கள் அளித்த இசைவினால், முகம் அறியாத பிற்காலத்தவர் பயன்பெறுகின்றனர். அந்தப் பிற்காலத்தவருள் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் பெருங்களத்தூரிலும் வாழும் நாமும் அடங்குவோம்.

நம் மண்ணின் கணக்கு

இவ்வளவும் வெளிநாட்டுச் செய்தி என்று எண்ணிவிட வேண்டா. டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, முதல் மாரடைப்பின் காரணங்களை ஆராய்ந்தது. புகை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, தொந்தி, மனஅழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை முதலிய ஒன்பது காரணிகளுமே பத்தில் ஒன்பது மாரடைப்புகளுக்குப் பொறுப்பு என்று அது கண்டது. தெற்காசியரைப் பற்றித் தனியே ஆராய்ந்தபோது கிடைத்த செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்வது. மற்ற நாட்டினருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 58.8, நமக்கு 53. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முன்னதாகவே அது நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. மகளின் நிக்காஹ் நடக்கும் முன்பு, மகனின் படிப்பு முடியும் முன்பு.

மதுவை மார்க்கம் நமக்குத் தடுத்திருக்கிறது. மேற்சொன்ன எட்டும் நம் இல்லங்களில் உண்டு என்பதை மறுக்க இயலாது.

சென்னையிலேயே 1996–97இல் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய நகர்ப்புற மக்கள் ஆய்வு, திருமங்கலத்தில் ஒரு நடுத்தர வருவாய்க் குடியிருப்பையும் தியாகராய நகரில் ஏழைகள் வாழும் பாரதி நகரையும் எடுத்துக்கொண்டது. இருபது வயதைக் கடந்த 1,262 பேரைச் சோதித்ததில் 11 விழுக்காட்டினருக்கு இதய இரத்தநாள நோய் இருந்தது. ஒன்பது பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். கால்களுக்குச் செல்லும் இரத்தநாளங்கள் சுருங்கும் நோய் 3.2 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது.

அந்த ஆய்வின் பிற்பகுதி மகிழ்ச்சியூட்டுவது. தம் நிலையை அறிந்த திருமங்கலம் குடியிருப்பு மக்கள், அரசை எதிர்பார்த்துக் காத்திராமல் தாமே நிதி திரட்டி நடப்பதற்கு ஒரு பூங்காவை அமைத்தனர். முதலில் வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தோர் 14.2 விழுக்காடு மட்டுமே. ஏழு ஆண்டுகளுக்குப்பின் அது 58.7 விழுக்காடாக உயர்ந்திருந்தது. பள்ளிவாசலுக்கு வசூல் செய்து கட்டடம் எழுப்பிப் பழகிய நம் ஜமாஅத்துகளுக்கு இது எட்டாத செயலா?

360 நிமிடங்கள்

மருந்து இருந்தும் உயிர் போவது ஏன்? இதற்கு விடை தந்தது 2008இல் வெளியான ‘கிரியேட்’ என்னும் இந்தியப் பதிவேடு. 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளின் விவரங்கள் அதில் திரட்டப்பட்டன. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலை அடையும்வரை கழிந்த நடுவளவு நேரம் 360 நிமிடங்கள். ஆறு மணி நேரம்! அடைபட்ட இரத்தநாளத்திற்கு அப்பாலுள்ள இதயத் தசை நிமிடந்தோறும் மடிந்துகொண்டிருக்க, நாம் வீட்டில் சோடா அருந்திக்கொண்டும், ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டும், “வாயுதான், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்” என்று ஆறுதல் கூறிக்கொண்டும் இருந்துவிடுகிறோம்.

அதே பதிவேடு மற்றோர் உண்மையையும் சொன்னது. முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் செல்வரிடையே 5.5 விழுக்காடு, ஏழைகளிடையே 8.2 விழுக்காடு. கிடைத்த சிகிச்சையின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டபோது இந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஏழையின் இதயம் பலவீனமானதன்று; ஏழைக்குக் கிடைத்த சிகிச்சையே குறைவானது. ஸகாத்தும் ஸதகாவும் கடமையாக்கப்பட்ட ஒரு சமுதாயம் இவ்வரியை இருமுறை படிக்க வேண்டும்.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சியும் தமிழ்நாட்டிலேயே நடந்தது. கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் டாக்டர் அஜித் முள்ளசாரி முதலானோர் வகுத்த திட்டத்தில், 35 சிறிய மருத்துவமனைகள் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைக்கப்பட்டன. சிறிய மருத்துவமனையிலேயே ஈசிஜி எடுத்து அனுப்பி, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பின்னர் 108 ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அதன் முறை. ஏழைகளின் செலவை மாநிலக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். ஆஞ்சியோ செய்யப்பெற்றோர் 35 விழுக்காட்டிலிருந்து 60.8 ஆக உயர்ந்தனர். ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். இது குலுக்கல் முறை ஆய்வு அன்று. திட்டத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டது. ஆயினும் புதிய மருந்து எதுவுமின்றி, இருக்கும் மருத்துவத்தை ஒழுங்குபடுத்துவதாலேயே உயிர்களைக் காக்கலாம் என்பதை அது உணர்த்தியது. அப்பாதையின் தொடர்ச்சியாகவே 14 மாத்திரைகளைக் காண வேண்டும்.

வலி இல்லாதபோது உண்ணும் மாத்திரை

அடைப்பு வந்தபின் ஓடுவதைவிட வராமல் காப்பது மேல். ஆனால் உடலில் ஒரு தொல்லையும் இல்லாதபோது நாள்தோறும் மாத்திரை உண்ண மனம் ஒப்புவதில்லை. இரத்த அழுத்த மாத்திரையை “பழகிவிடும்” என்று அஞ்சி நிறுத்துவோர் நம்மிடையே பலர். ரமலானில் நோன்பைக் காரணம் காட்டி அறவே விட்டுவிடுவோரும் உளர். பல மாத்திரைகளின் வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள இயலும். ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நம் பொறுப்பு. நோயாளிக்கு இறைவன் சலுகையளித்திருப்பதையும் நாம் மறக்கலாகாது.

தடுப்பு மருத்துவத்திலும் நம் நாட்டு மக்களின் பங்கு பெரிது. இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றிற்கான மருந்துகளை ஒரே மாத்திரையில் அடக்கினால் மறவாமல் உண்பது எளிதாகும் என்ற எண்ணத்தில் உருவான ‘பாலிபில்’, இந்தியாவின் 50 மையங்களில் 2,053 பேரிடம் முதலில் சோதிக்கப்பட்டு, முடிவு 2009இல் வெளியாயிற்று. பின்னர் பல நாடுகளில் 5,713 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. பங்கேற்றவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இந்தியர். அதோடு ஆஸ்பிரினும் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை 5.8 விழுக்காட்டிலிருந்து 4.1 ஆகக் குறைந்தன. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக ஆஸ்பிரின் உண்ணத் தொடங்கலாகாது. இரத்தக்கசிவை ஏற்படுத்தக்கூடிய மருந்து அது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவருகின்றனர். கதவைத் தட்டும் அப்பெண்மணியை வாசலோடு திருப்பி அனுப்பாமல் இருப்பதும் உடலுக்குச் செய்யும் நன்றியே.

ஐயமும் அமானிதமும்

“எங்களை வைத்துச் சோதனை செய்கிறார்களா?” என்ற கேள்வி நம் சமுதாயத்தில் அவ்வப்போது எழுகிறது. இவ்வையம் காரணமற்றதன்று. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, கறுப்பின ஏழைகளின் நோயை அவர்களிடமே மறைத்து, மருந்து கிடைத்த பின்னரும் கொடுக்காமல் வேடிக்கை பார்த்த கொடுமை நிகழ்ந்தது. நம் நாட்டிலும் ஏழைகளிடம் முறையான இசைவு பெறாத ஆய்வுகள் குறித்து வழக்குகள் நடந்தன. அவற்றின் விளைவாகவே விதிகள் இறுகின. 2009 முதல் மருத்துவ ஆய்வுகளை அரசின் பதிவேட்டில் பதிவது கட்டாயம். 2019ஆம் ஆண்டின் புதிய விதிகள், ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் அளிக்க வேண்டும் என்கின்றன.

ஆகவே நாம் செய்ய வேண்டியது மறுப்பதன்று, கேட்பது. ஆய்வு பதிவு செய்யப்பட்டதா, நெறிமுறைக் குழு அனுமதித்ததா, படிவம் தமிழில் உள்ளதா, விலக விரும்பினால் சிகிச்சை தடையின்றித் தொடருமா என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. விடை நிறைவளித்தால் இசைவதும், அளிக்காவிட்டால் மறுப்பதும் நம் விருப்பம்.

சிலர், ஆயுள் இறைவன் கையில் இருக்கும்போது இத்தனை அலைச்சல் எதற்கு என்பர். ஷாமில் கொள்ளைநோய் பரவியபோது கலீஃபா உமர் (ரலி) தோழர்களைக் கலந்தாலோசித்து, படையோடு அவ்வூருக்குள் நுழையாமல் திரும்பிய வரலாற்றை நாம் அறிவோம். அது விதிக்கு அஞ்சி ஓடுவதாகாதா என்று கேட்கப்பட்டபோது, திரும்புவதும் இறைவனின் விதிக்கு உட்பட்டதே என்று அவர்கள் விளக்கினார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே அறிவுறுத்தியிருக்க, மருந்தைத் தவிர்ப்பது தவக்குல் ஆகாது. உடல் நமக்குச் சொந்தமன்று, அமானிதம்.

இவ்வரலாற்றிலிருந்து நம் மஹல்லாக்கள் எடுத்துச் செல்ல வேண்டியவை எளியவை. நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது கண்டாலும் 108ஐ அழைப்பது, ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் நகரின் பெரிய மருத்துவமனையை நாடி நேரத்தை இழக்காமல், ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனையை முதலில் அடைவது. பெண்களின் வலியை அசதி என்று ஒதுக்காதிருப்பது. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்திலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்க மாதம் ஒரு நாள் ஏற்பாடு செய்வது. மருந்து வாங்க வசதியற்றோரின் பட்டியலை ஜமாஅத் வைத்திருப்பது.

ஓர் உயிரை வாழவைப்பதற்கு இஸ்லாம் அளித்திருக்கும் உயர்வை நாம் மேடைதோறும் கேட்டு வருகிறோம். பெயர் தெரியாத அந்த 67,483 பேரும் பல உயிர்களை வாழவைத்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற அறிவு நம் தெருமுனைச் சுகாதார நிலையத்தில் 14 மாத்திரைகளாகக் காத்திருக்கிறது. அதை உரிய நேரத்தில் சென்றடைவது ஒன்றே நம்மிடம் எஞ்சியிருக்கும் கடமை.

நோயுற்ற நம் பெற்றோருக்கும் உற்றாருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக. பயனுள்ள அறிவை நமக்கு அதிகமாக்குவானாக. ஆமீன்.